கேட்காமல் பறிக்கலாமா உரிமத்தை?

1968 நவம்பர் 24, ஞாயிறு பிற்பகல். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஓட்டிவந்த சைக்கிள், ஒரு போதகரின் காரில் பக்கவாட்டாக வந்து மோதியது. மூன்று கிராமப்புறப் பகுதிகளுக்குக் காரில் போய் ஊழியம் செய்வதுதான் அவர் வேலை. காருக்குக் காப்பீடு எடுத்திருக்கவில்லை. சிறுமியின் பெற்றோர் 5,000 டாலர் இழப்பீடு கோரி அரசுத் துறைக்கு விபத்து அறிக்கை கொடுத்தார்கள். அந்த மாநிலத்துச் சட்டப்படி, காப்பீடு இல்லாதவர், எதிர்த் தரப்பு கோரிய தொகையைப் பிணையாகக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஓட்டுநர் உரிமம் முடக்கப்படும். தவறு யாருடையது என்று முதலில் விசாரியுங்கள் என்று போதகர் கேட்டார். அதை விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று துறை கைவிரித்தது. பெல் எதிர் பர்சன் என்ற பெயரில் அந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1971-ல் ஒன்பது நீதிபதிகளும் போதகர் பக்கமே முடிவு சொன்னார்கள்.

உரிமம் கொடுக்கலாமா வேண்டாமா என்பது ஒரு கட்டம். கொடுத்தபின் அதைத் திரும்ப வாங்குவது வேறொரு கட்டம் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். கையில் உரிமம் வந்த நாளிலிருந்து ஒருவர் அதை நம்பித் தன் பிழைப்பை அமைத்துக்கொள்கிறார். அதன் பிறகு அரசு அதற்குச் சலுகை என்று பெயர் சூட்டினாலும் உரிமை என்று பெயர் சூட்டினாலும், அவர் தரப்பைக் கேட்காமல் பறிக்க முடியாது. உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ உரிய சட்ட நடைமுறை இல்லாமல் எந்த மாநிலமும் பறிக்கக் கூடாது என்று 1868-ல் சேர்க்கப்பட்ட பதினான்காவது திருத்தம் சொல்கிறது. அந்தச் சொத்தின் வரிசையில் ஓட்டுநர் உரிமமும் சேர்ந்தது. டாக்டரின் பதிவு, குதிரைப் பயிற்சியாளரின் அனுமதி, கண் பரிசோதகரின் சான்று, மதுக்கடை உரிமம், டாக்ஸி பெர்மிட் எனப் பலவும் பின்னர் இதே கேள்வியோடு நீதிமன்றப் படியேறின. அந்தப் பாதை சரியானது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அமெரிக்க நீதிமன்றங்கள் பாதி வழியில் ஒரு தவறான திருப்பத்தில் திரும்பிவிட்டன. அந்தத் தவறை நாம் கவனமாகப் படிக்க வேண்டும். ஏனென்றால் இந்தியச் சட்டம் இன்னும் அந்தத் திருப்பத்துக்கு வந்து சேரவில்லை.

உரிமம் என்பது அரசு போட்ட பிச்சை, போட்ட கை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் என்ற எண்ணம் நெடுங்காலம் சட்டமாகவே இருந்தது. அரசியல் பேச உனக்கு உரிமை இருக்கலாம், போலீஸ்காரனாக இருக்க உரிமை இல்லை என்ற பொருளில் 1892-ல் மசாசூசெட்ஸ் நீதிமன்றத்தில் நீதிபதி ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பு, அரைநூற்றாண்டுக்கு மேல் மேற்கோளாக ஓடியது. நமக்கு மிக அருகிலும் ஓர் உதாரணம் உண்டு. போர்க்காலத்து ஜவுளிக் கட்டுப்பாட்டு விதிகளின் கீழ் இலங்கையில் ஒரு துணி வணிகரின் உரிமத்தைக் கட்டுப்பாட்டு அதிகாரி ரத்து செய்தார். கூப்பன் கணக்கில் வணிகர் திருத்தம் செய்தார் என்பது சந்தேகம். நக்குடா அலி எதிர் ஜயரத்ன என்ற அந்த வழக்கை 1950-ல் லண்டனில் பிரிவி கவுன்சில் தீர்த்தது. அந்த வணிகருக்கு விளக்கம் தர வாய்ப்புக் கிடைத்திருந்தது என்பது உண்மை. அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரி யாருடைய உரிமையையும் தீர்மானிக்கவில்லை, ஒரு சலுகையைத் திரும்பப் பெறுகிறார், அவ்வளவுதான். எனவே நீதிபதிபோல் நடந்துகொள்ளும் கடமை அவருக்கு இல்லை என்று பிரிவி கவுன்சில் எழுதியது. அந்த ஒரு காரணம் காமன்வெல்த் நாடுகளில் பதின்மூன்று ஆண்டுகள் உரிமதாரர்களின் கதவை அடைத்துவைத்தது. 1963-ல் ரிட்ஜ் எதிர் பால்ட்வின் வழக்கில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையின் ரீட் பிரபு அதைக் கண்டித்த பிறகுதான் பூட்டு தளர்ந்தது.

இந்தச் சலுகை வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் காண நியூயார்க்கில் நடந்த பார்ஸ்கி வழக்கைப் பார்க்க வேண்டும். எட்வர்ட் பார்ஸ்கி அறுவை மருத்துவர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்புக்காக அமெரிக்க மருத்துவக் குழுவை நடத்தியவர். பாசிச எதிர்ப்பு அகதிகளுக்கு உதவும் குழு ஒன்றின் தலைவராக இருந்தார். அந்தக் குழுவின் ஆவணங்களை அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழுவிடம் ஒப்படைக்க மறுத்து ஆறு மாதம் சிறைத் தண்டனை பெற்றார். வெளியே வந்ததும் மாநில அரசு அவருடைய மருத்துவ உரிமத்தையும் ஆறு மாதம் நிறுத்தியது. நோயாளி யாரும் அவர்மேல் புகார் சொல்லவில்லை. சிகிச்சையில் பிழை இல்லை. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவே உரிமத்தை நிறுத்தப் பரிந்துரைக்கவில்லை. இருந்தும் 1954-ல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்த நடவடிக்கையை ஏற்றது. மாறுபட்ட மூவரில் ஒருவர் ஃபீலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர். தொழிலுக்குத் தகுதியானவரா என்பதோடு எந்தத் தொடர்பும் இல்லாத காரணத்துக்காக ஒருவரின் தொழில் வாழ்க்கையை அரசு சிதைக்க முடியாது என்று அவர் எழுதினார். நீதிமன்றம் சட்டமன்றத்தின் வேலையில் தலையிடக் கூடாது என்று வாழ்நாள் முழுக்க வாதிட்டவர் அவர். அவரே இந்த இடத்தில் கோடு கிழித்தார் என்பதுதான் முக்கியம். அவர் பெயர் நம் அரசமைப்பின் கதையிலும் வருகிறது, பின்னால் சொல்கிறேன்.

சிந்தனையை மாற்றியது 1964-ல் யேல் சட்ட இதழில் சார்ல்ஸ் ரைக் எழுதிய கட்டுரை. ‘புதிய சொத்து’ என்பது அதன் தலைப்பு. நிலமும் வீடும் சொத்தாக இருந்த காலம் மாறி, உரிமம், ஓய்வூதியம், ஒப்பந்தம், அரசு வேலை, உதவித்தொகை ஆகியவையே பெரும்பாலோரின் செல்வமாகிவிட்டன என்று அவர் காட்டினார். அவற்றையெல்லாம் அரசு தன் விருப்பப்படி கொடுத்து எடுக்க முடிந்தால், குடிமகன் அரசுக்கு எதிராக வாய் திறக்கவே அஞ்சுவான் என்றார். நிலம் வைத்திருந்த விவசாயிக்கு அந்த நிலம் எந்தத் தைரியத்தைத் தந்ததோ அதை உரிமம் வைத்திருப்பவருக்கும் சட்டம் தர வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை. 1970-ல் கோல்ட்பர்க் எதிர் கெல்லி வழக்கில் ஏழைகளுக்கான உதவித்தொகையை நிறுத்துமுன் விசாரணை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, அடிக்குறிப்பில் ரைக்கைச் சுட்டியது. அடுத்த ஆண்டு வந்ததுதான் போதகரின் வழக்கு.

இங்கேதான் அந்தத் திருப்பம். 1972-ல் போர்டு ஆஃப் ரீஜன்ட்ஸ் எதிர் ராத் என்ற வழக்கு வந்தது. சொத்து எது என்பதை அரசமைப்புச் சட்டம் சொல்வதில்லை, மாநிலச் சட்டங்களும் விதிகளும்தான் சொல்கின்றன என்று நீதிமன்றம் வரையறுத்தது. ஒருவர் ஒன்றை விரும்பினால் போதாது, எதிர்பார்த்தால் போதாது. சட்டப்படி அது தனக்குரியது என்று காட்ட வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மட்டுமே ரத்து செய்யலாம் என்று சட்டம் சொன்னால் அந்த உரிமம் சொத்து. அதிகாரி விரும்பினால் ரத்து செய்யலாம் என்று சட்டம் சொன்னால் அது சொத்தே ஆகாது. 1983-ல் ரீட் எதிர் ஷோர்வுட் கிராமம் என்ற வழக்கில் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர், இலினாய் மாநிலத்து மதுக்கடை உரிமம் சொத்துதான் என்று தீர்ப்பளித்தார். அந்த மாநிலத்தில் காரணமும் விசாரணையும் இல்லாமல் அதை ரத்து செய்ய முடியாது என்பதே அவர் காட்டிய அடிப்படை. மது உரிமம் வெறும் சலுகைதான் என்று சட்டத்தில் எழுதிவைத்த வேறொரு மாநிலத்தில், அதே கடை, அதே முதலீடு, அதே குடும்பம் இருந்தாலும் பாதுகாப்பு இல்லை.

இதன் விளைவு தலைகீழானது. எந்தச் சட்டம் அதிகாரியின் கையை ஏற்கெனவே கட்டிவைத்திருக்கிறதோ, அங்கேதான் அரசமைப்பின் காவல் வந்து நிற்கிறது. எங்கே அதிகாரி மனம்போன போக்கில் முடிவெடுக்கலாமோ, அங்கே காவல் விலகிக்கொள்கிறது. காவல் மிகவும் தேவைப்படுவது இரண்டாவது இடத்தில் அல்லவா? வரம்பில்லாத உரிம அதிகாரம் என்ன செய்யும் என்பதை அமெரிக்கா 1886-லேயே கண்கூடாகப் பார்த்தது. சான் பிரான்சிஸ்கோவில் அப்போது சுமார் 320 சலவைக்கூடங்கள் இருந்தன. ஏறக்குறைய 240 சீனர்களுடையவை. சுமார் 310 மரக் கட்டடங்கள். மரக் கட்டடத்தில் சலவைத் தொழில் நடத்த நகர நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்று விதி வந்தது. எந்த அடிப்படையில் அனுமதி தரப்படும் என்று விதியில் ஒரு சொல்கூட இல்லை. விண்ணப்பித்த சுமார் 200 சீனர்களுக்கும் அனுமதி மறுக்கப்பட்டது. மற்றவர்களில் ஏறத்தாழ 80 பேருக்கு, ஒருவரைத் தவிர, கிடைத்துவிட்டது. வழக்குத் தொடர்ந்த யிக் வோ அதே கட்டடத்தில் 22 ஆண்டுகள் தொழில் நடத்தியவர். தீயணைப்பு அதிகாரிகளின் சான்றும் சுகாதார அதிகாரியின் சான்றும் வைத்திருந்தார். உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது, சமத்துவத்தின் பேரில். ஆனால் சமத்துவத்தைக் காட்ட 200 பேரின் கணக்கு தேவைப்பட்டது. தன்னந்தனியாகப் பாதிக்கப்படும் ஒருவரிடம் அப்படி ஒரு கணக்கு இருக்காது. காரணத்தைச் சொல், என் பதிலைக் கேள் என்று கோரும் உரிமை ஒன்றுதான் அவருக்கு உதவும்.

ஆகவே என் வாதம் இது. ஓர் உரிமம் பாதுகாப்புக்குரியதா என்பதைச் சட்டத்தின் வாசகத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. அந்த உரிமத்தின்மேல் ஒரு பிழைப்பு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கடன் வாங்கி, அட்வான்ஸ் கொடுத்து, அடுப்பும் ஃபிரிட்ஜும் வாங்கி, ஆள் வைத்து ஒருவர் ஓட்டல் திறக்கிறார் என்றால், அரசு கொடுத்த ஒரு தாளை நம்பித்தான் அவ்வளவையும் செய்கிறார். அந்தத் தாள் போனால் அடுப்பும் மேசையும் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும்; கடன் மட்டும் குறையாது. அந்த முதலீட்டைச் செய்யத் தூண்டியதே அரசின் அனுமதிதான் என்னும்போது, அது வெறும் சலுகை என்று அரசே பின்னர் சொல்வது நாணயமான பேச்சல்ல. பெல் வழக்கின் தீர்ப்பு சட்ட வாசகத்தைத் துருவாமல் பிழைப்பைப் பார்த்தது. ராத் அந்தப் பார்வையை மறைத்துவிட்டது. ஒரு நன்மையைத் தரும் சட்டமே அதைப் பறிக்கும் முறையையும் தீர்மானிக்கலாம் என்ற வாதத்தை 1985-ல் லவுடர்மில் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிராகரித்து, நடைமுறையின் தரத்தை அரசமைப்பே நிர்ணயிக்கும் என்றது. அது நல்ல திருத்தம். ஆனால் சொத்தே இல்லை என்று முதல் வரியிலேயே எழுதிவிடும் சட்டத்தின் முன் அந்தத் திருத்தமும் செயலற்றுப்போகிறது.

இந்தியாவுக்கு வருவோம். 1947 இறுதியில் அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா சென்றபோது, இதே ஃபிராங்க்ஃபர்ட்டர்தான், உரிய சட்ட நடைமுறை என்ற தொடர் நீதிபதிகளுக்கு அளவுக்கு மீறிய அதிகாரத்தைத் தரும் என்று எச்சரித்தார். தொழிலாளர் நலச் சட்டங்களை அந்தத் தொடரைக் காட்டி அமெரிக்க நீதிமன்றங்கள் வீழ்த்திய காலம் அவர் மனத்தில் இருந்தது. அந்தத் தொடர் நம் வரைவிலிருந்து நீங்கியது. சட்டம் வகுத்த நடைமுறை என்ற சொற்கள் 21-ஆவது பிரிவில் அமர்ந்தன. அந்தப் பிரிவில் சொத்தும் இடம்பெறவில்லை. சென்னை மாகாண அரசு காவலில் வைத்த ஏ.கே. கோபாலன் 1950-ல் தொடுத்த வழக்கில், சட்டமன்றம் வகுத்தது எதுவோ அதுவே நடைமுறை என்று உச்ச நீதிமன்றம் நின்றுவிட்டது. 1978-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் காரணம் சொல்லாமல் முடக்கப்பட்ட வழக்கில்தான், நடைமுறை என்றால் அது நியாயமானதாக இருக்க வேண்டும் என்று சட்டம் திசை மாறியது. பாஸ்போர்ட்டும் அரசு கொடுத்து அரசு எடுக்கும் ஒரு தாள்தான் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம். அதே ஆண்டின் 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கி, 300ஏ பிரிவுக்கு அனுப்பியது. 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகளின் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்பும் அடங்கும் என்ற தீர்ப்பு வந்தது. அமெரிக்கா ராத் வழக்கில் கைவிட்ட அடிப்படையை நம் நீதிமன்றம் வேறொரு வாசல் வழியாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. தொழில் செய்யும் உரிமையைத் தரும் 19(1)(ஜி) பிரிவும் நம்மிடம் இருக்கிறது. அமெரிக்க அரசமைப்பில் இப்படி வெளிப்படையான ஒரு வரி இல்லை.

இத்தனை இருந்தும் உரிம ரத்து இங்கே எவ்வளவு எளிதாக நடக்கிறது என்பதற்கு மீடியாஒன் மலையாளத் தொலைக்காட்சியின் வழக்கு சாட்சி. 2011-ல் பத்து ஆண்டுக்கு ஒளிபரப்பு அனுமதி பெற்ற நிறுவனம் அது. உள்துறை அமைச்சகம் பாதுகாப்புச் சான்று தர மறுத்ததால், 2022 ஜனவரி 31 அன்று அனுமதி ரத்தானது. என்ன குற்றம் என்று நிறுவனத்துக்குச் சொல்லவில்லை. காரணங்கள் உயர் நீதிமன்றத்திடம் மூடி முத்திரையிட்ட உறையில் போயின. நிறுவனத்தின் வழக்கறிஞர் அதைப் பார்க்க முடியவில்லை. தனி நீதிபதியும் பிறகு இரு நீதிபதிகள் அமர்வும் ரத்தை உறுதிசெய்தன. 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ரத்து உத்தரவை நீக்கியது. தேசப் பாதுகாப்பு என்ற சொல்லை உச்சரித்துவிட்டால் மட்டும் இயற்கை நீதியைக் கழற்றி வைத்துவிட முடியாது என்றது. ஒரு தொலைக்காட்சிக்கு டெல்லிவரை போக வசதி இருந்தது. இடைக்கால உத்தரவு பெற்று ஒளிபரப்பைத் தொடரவும் முடிந்தது. ஒரு தெருமுனைக் கடைக்காரர் அப்படிப் போக முடியுமா? அவரைப் பொறுத்தவரை கீழ்மட்ட அலுவலகத்தில் நடப்பதுதான் முதல் விசாரணை, கடைசி விசாரணையும் அதுவே.

என் வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. கெட்டுப்போன இறைச்சியை விற்கிறவனிடம் நோட்டீஸ் கொடுத்து, பதினைந்து நாள் காத்திருந்து, வாய்தா கொடுத்துக்கொண்டிருந்தால் ஊரே ஆஸ்பத்திரியில் கிடக்காதா? கிடக்கும். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். சிகாகோவில் குளிர்பதனக் கிடங்கில் அழுகியதாகச் சொல்லப்பட்ட 47 பீப்பாய்க் கோழி இறைச்சியை முன்விசாரணை இல்லாமல் கைப்பற்றி அழிக்கலாம் என்று 1908-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. குடித்துவிட்டு ஓட்டியதாகப் பிடிபட்டு மூச்சுப் பரிசோதனைக்கு மறுத்தவரின் உரிமத்தை உடனே 90 நாள் நிறுத்தலாம் என்று 1979-ல் ஏற்றுக்கொண்டது. ஆபத்து கண்முன் நிற்கும்போது கையைப் பிடித்து நிறுத்துவது அரசின் கடமை. ஆனால் அவசர நிறுத்தம் ஒன்று, விசாரணையே இல்லாமல் முடிந்துபோவது வேறொன்று. அதே 1979-ல் வந்த பேரி எதிர் பார்க்கி வழக்கு இந்த வேறுபாட்டைத் துல்லியமாகக் காட்டுகிறது. நியூயார்க்கில் ஒரு பந்தயக் குதிரையின் உடலில் மருந்து இருந்தது என்று அதன் பயிற்சியாளரின் உரிமம் 15 நாள் நிறுத்தப்பட்டது. உடனடி நிறுத்தம் சரி என்றது நீதிமன்றம். ஆனால் சட்டத்தில் விசாரணை எப்போது தொடங்க வேண்டும் என்று கெடு இல்லை. விசாரணை முடிந்த பிறகும் முடிவு சொல்ல வாரியத்துக்கு 30 நாள் இருந்தது. 15 நாள் தண்டனையை அனுபவித்து முடித்த பிறகு நிரபராதி என்று சொல்லி என்ன பயன்? அதனால் அந்த நடைமுறை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. நம்முடைய 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு கிட்டத்தட்ட இந்த ஒழுங்கைத்தான் கேட்கிறது. முதலில் குறைகளைச் சொல்லித் திருத்த நோட்டீஸ், திருத்தாவிட்டால் நிறுத்தம், அதற்கும் பிறகு காரணம் கேட்டு ரத்து, பொதுச் சுகாதார நலன் கருதி மட்டும் எழுத்தில் காரணம் பதிவுசெய்து உடனே நிறுத்தம். சட்டம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது. உடனடி நிறுத்தத்துக்குப் பின் இத்தனை நாளுக்குள் விசாரணை, தவறினால் நிறுத்தம் தானாகவே காலாவதி என்ற ஒரு வரி சேர்ந்தால் அது முழுமையாகும்.

உரிமத்தைச் சொத்து என்று ஏற்றால் ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர் புதியவர்களை உள்ளே விடாமல் மறிப்பார் என்பது அடுத்த மறுப்பு. சந்தையைச் சிலருக்குப் பட்டா போட்டுக் கொடுப்பதாகாதா என்று கேட்கிறார்கள். நியூயார்க் டாக்ஸி பெர்மிட் ஒன்றின் விலை 2014 வாக்கில் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. ஊபர் வந்ததும் சரிந்தது. கடன் வாங்கி பெர்மிட் வாங்கிய ஓட்டுநர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். சிகாகோவில் டாக்ஸி உரிமையாளர்கள், செயலி வழி வாடகைக் கார்களுக்கு இடம் கொடுத்ததன் மூலம் நகரம் எங்கள் சொத்தைப் பறித்துவிட்டது என்று வழக்குப் போட்டார்கள். 2016-ல் அதையும் போஸ்னர்தான் தீர்த்தார். டாக்ஸி உரிமம் சொத்துதான். ஆனால் அது டாக்ஸி ஓட்டும் உரிமை, போட்டியாளரைத் துரத்தும் உரிமை அல்ல. காபிக் கடை உரிமம் வைத்திருப்பவர் எதிரே டீக்கடை வருவதைத் தடுக்க முடியாது என்றார். இதைவிடத் தெளிவாக அந்த மறுப்புக்குப் பதில் சொல்ல முடியாது. உரிமதாரருக்கு நான் கேட்கும் பாதுகாப்பு அரசின் தன்னிச்சைக்கு எதிரானது. பக்கத்துக் கடைக்காரருக்கு எதிரானது அல்ல. பெர்மிட்டும் லைசென்ஸும் இத்தனை வேண்டுமா என்று ராஜாஜி 1959-ல் சுதந்திராக் கட்சி தொடங்கியபோது எழுப்பிய கேள்வி வேறு, அதற்கு இன்றும் விடை தேட வேண்டும். உரிமம் இருக்கும்வரை அதை எப்படிப் பறிப்பது என்ற கேள்வி அதற்காகக் காத்திருக்க முடியாது.

முறைகேடாக வாங்கிய உரிமத்துக்கும் இந்தக் காவலா என்று கேட்கலாம். 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 அலைக்கற்றை உரிமங்களை ஒரே தீர்ப்பில் ரத்து செய்ததே? செய்தது, பாதிக்கப்படும் நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் எதிரில் நின்று வாதாடிய பிறகு, ஆவணங்களை வெளிப்படையாகப் பார்த்து, காரணங்களை விரிவாக எழுதிவைத்துச் செய்தது. யாருடைய உரிமத்தையும் ரத்து செய்யவே கூடாது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. மதுவிலக்கைக் கொண்டுவந்து எல்லா மதுக்கடைகளையும் மூட ஓர் அரசு முடிவு செய்தால் அதையும் இந்த வாதம் தடுக்காது. தெருவில் பத்துக் கடை திறந்திருக்க ஒன்றை மட்டும் மூடும்போதுதான் ஏன் என்ற கேள்வி எழுகிறது.

விசாரணைக்கு ஆளில்லை, நேரமில்லை என்பது அலுவலகங்களின் நிரந்தரப் பதில். 1976-ல் மேத்யூஸ் எதிர் எல்ட்ரிட்ஜ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த அளவுகோல் இதற்கு ஓரளவு உதவுகிறது: இழப்பு எவ்வளவு பெரிது, பிழையான முடிவுக்கு வாய்ப்பு எவ்வளவு, கூடுதல் விசாரணையால் அரசுக்குச் சுமை எவ்வளவு என்று மூன்றையும் எடைபோட வேண்டும். எடைபோட்டால் முழுநீள வழக்கு எல்லோருக்கும் தேவைப்படாது. குற்றச்சாட்டைத் தெளிவாகச் சொல்லும் ஒரு பக்க நோட்டீஸ், ஆதாரத்தின் நகல், பதில் சொல்ல ஒரு வாரம், பதிலைப் படித்துவிட்டேன் என்று காட்டும் காரணங்களோடு கூடிய உத்தரவு. பெரும்பாலான உரிமங்களுக்கு இவ்வளவு போதும். யார் விசாரிக்கிறார் என்பதிலும் கவனம் வேண்டும். அலபாமா மாநிலத்தில் கண் பரிசோதகர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கம்பெனிகளில் சம்பளத்துக்கு இருந்தார்கள். அவர்களுடைய உரிமத்தைப் பறிக்கலாமா என்று விசாரித்த வாரியம் முழுக்கத் தனியாகக் கடை வைத்திருந்த போட்டியாளர்களால் ஆனது. அந்த வாரியம் இந்த வழக்கை விசாரிக்கவே தகுதியற்றது என்று 1973-ல் தீர்ப்பானது. புகார் கொடுத்த அதிகாரியே தீர்ப்பும் எழுதும் இடங்களுக்கும் இதே தர்க்கம் பொருந்தும்.

நம் நீதிமன்றங்கள் அடுத்து எடுக்க வேண்டிய படி அருகிலேயே இருக்கிறது. ஓய்வூதியம் அரசின் கருணை அல்ல, சொத்து என்று 1971-ல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கிலேயே நம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2013-ல் ஜார்க்கண்ட் அரசின் வழக்கில் அதையே 300ஏ பிரிவின் கீழ் உறுதிசெய்தது. 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில், 300ஏ பிரிவுக்குள் ஏழு உரிமைகள் அடங்கியுள்ளன என்று விளக்கியது. முதல் மூன்று, முன்னறிவிப்பு பெறும் உரிமை, தன் தரப்பைச் சொல்லும் உரிமை, காரணத்தோடு முடிவு பெறும் உரிமை. அது நிலம் கையகப்படுத்திய வழக்கு. நிலத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பொருந்துவது, முப்பது ஆண்டு ஓட்டலை நடத்தும் உரிமத்துக்குப் பொருந்தாது என்று சொல்ல எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. நீதிமன்றத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், விற்பனைச் சான்றை ரத்து செய்யுமுன் வியாபாரியின் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்று 10-ஆவது பிரிவிலேயே எழுதியிருக்கிறது. தள்ளுவண்டிக்காரருக்கு நாடாளுமன்றம் கொடுத்த அந்த வரியை, நோட்டீஸ் காலத்தையும் விசாரணைக் கெடுவையும் சேர்த்து, தொழில் உரிமம் தரும் ஒவ்வொரு மாநிலச் சட்டத்திலும் உள்ளாட்சி விதியிலும் எழுதிக்கொள்ள ஒரு சாதாரணத் திருத்த மசோதா போதும்.